ஹார்ட்டகாம்ப்: ஓர் ஒல்லாந்தச் செல்வரின் நாட்டுப்புற மாளிகையும் அதன் சோலையும்

ஒல்லாந்தர் என்னும் பெயரைக் கேட்டவுடன் இலங்கைத் தமிழர் உள்ளத்தில் தோன்றுவன சில உள. யாழ்ப்பாணத்துக் கோட்டை, அவர்கள் எழுதுவித்த தோம்புகள், 1707ஆம் ஆண்டில் தொகுக்கப்பெற்ற தேசவழமை, முதியோர் நாவில் வழங்கிவந்த கந்தோர், நொத்தாரிசு முதலிய சொற்கள் ஆகியனவே அவை. 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய அம்மக்கள் 1795ஆம் ஆண்டு வரை இங்கிருந்து ஆண்டனர். அவர்கள் இங்கே கட்டியவற்றை நாம் அறிவோம். இங்கிருந்தும் ஏனைய கீழைத்தேயங்களிலிருந்தும் ஈட்டிய பொருளைக்கொண்டு தம் தாய்நாட்டில் எவற்றைக் கட்டினர் என்பதை நம்மவர் அதிகமாக ஆராய்ந்ததில்லை. அவ்வாறு எழுந்தவற்றுள் ஒன்று ஹார்ட்டகாம்ப் என்னும் நாட்டுப்புற மாளிகை. ஒரு தனி மனிதரின் இன்பத்திற்காக அமைந்த சோலை, தாவரவியல் என்னும் கலை முழுவதற்கும் எவ்வாறு பள்ளிக்கூடமாயிற்று என்பதையும், நம் நாட்டுச் செடிகொடிகளின் அறிவியற் பெயர்களோடு அது எவ்வாறு தொடர்புற்றது என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செல்வர் மாளிகைகள்

பதினேழாம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரம் உலக வாணிகத்தின் நடுநாயகமாக விளங்கிற்று. 1602ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ஒல்லாந்தக் கிழக்கிந்திய வர்த்தக சங்கத்தின் கப்பல்கள் மிளகும் கறுவாவும் சாதிக்காயும் பட்டும் கொணர்ந்து குவித்தன. செல்வம் பெருகப் பெருக நகரின் நெருக்கமும் பெருகிற்று. கோடைக்காலத்தில் நகரின் நீர்க்கால்கள் தேங்கித் துர்நாற்றம் வீசின. ஆகவே, செல்வந்தர்கள் கோடை மாதங்களைக் கழித்தற்பொருட்டு நகர்க்கு வெளியே தோட்டஞ் சூழ்ந்த மாளிகைகளை அமைக்கத் தலைப்பட்டனர். ஒல்லாந்த மொழியில் இவை 'பைட்டன்பிளாட்ஸ்' எனப்பட்டன. 'வெளியிடம்' என்பது அதன் நேர்ப்பொருள்.

இவை நிலக்கிழாரின் அரண்மனைகள் அல்ல. பிரெஞ்சு நாட்டிலும் இங்கிலாந்திலும் பெருமாளிகைகள் பெரும்பாலும் பரம்பரைப் பிரபுக்களுக்கு உரியவை; நிலவருவாயே அவற்றைத் தாங்கிற்று. ஒல்லாந்திலோ வணிகரும் வங்கியாளரும் நகர மன்றத்தாருமே இவற்றின் உரிமையாளர். வாணிக இலாபமே இவற்றைத் தாங்கிற்று. வெக்ட் ஆற்றங்கரையிலும் ஹார்லம் நகரைச் சூழ்ந்த மணற்பாங்கான நிலத்திலும் இத்தகைய மாளிகைகள் நிரல்நிரலாக எழுந்தன. ஒருவர் தம் செல்வத்தை மட்டுமன்றித் தம் கல்வியையும் சுவையையும் அயலாருக்குக் காட்டுவதற்கு அவர் தோட்டமே சாதனமாயிற்று. அரிய செடியொன்றைப் பூக்கவைத்தல் அரிய ஓவியமொன்றை வாங்குதல்போற் பெருமை தருவதாயிற்று. வெக்ட் ஆற்றங்கரையில் வாழ்ந்த அக்னஸ் புளொக் என்னும் அம்மையார் 1687ஆம் ஆண்டளவில் அன்னாசியைத் தம் தோட்டத்திற் காய்க்கச் செய்து புகழ் பெற்றமை இதற்குத் தக்க சான்றாகும்.

இடமும் உரிமையாளரும்

ஹார்லம் நகருக்குத் தெற்கே, ஹேம்ஸ்டேட என்னும் ஊரின் எல்லையில், ஹேரன்வேக் எனப்படும் பழம்பெரும் சாலையோரத்தில் ஹார்ட்டகாம்ப் அமைந்துள்ளது. ஹார்லத்தையும் ஹேக் நகரையும் இணைக்கும் பண்டைப் பாதை அது. ஒல்லாந்தின் பெரும்பகுதி கடல் மட்டத்திற்குத் தாழ்ந்த சேற்றுநிலம். ஆனால், கடற்கரைக்கு இணையாகச் செல்லும் பழைய மணல்மேடுகள் அதனின்றும் உயர்ந்தவை. அங்கே நீர் தேங்குவதில்லை; மண் இளகியது; பெருமரங்கள் வேரூன்றி நிற்றற்கு ஏற்றது. கடற்காற்றை மேற்கிலுள்ள மணற்குன்றுகள் தடுத்தன. தோட்டம் வளர்க்க விரும்பிய செல்வர் இவ்விடத்தை நாடியமைக்கு இயற்கையின் இவ்வமைப்பே முதற் காரணமாகும்.

1693ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாமின் அஞ்சல் அதிபராகிய ஜோஹான் ஹின்லோப்பன் என்பார் இவ்விடத்தை வாங்கித் தோட்டம் அமைத்தார். அவர் 1709ஆம் ஆண்டில் மறைந்தபின், அது கிளிபர்ட் குடும்பத்தார் கைக்கு வந்தது. இங்கிலாந்திலிருந்து பதினேழாம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமிற் குடியேறிய வணிகக் குடும்பம் அது. அக்குடும்பத்தில் 1685ஆம் ஆண்டிற் பிறந்தவரே இக்கட்டுரைக்கு உரியவரான மூன்றாம் ஜோர்ஜ் கிளிபர்ட். சட்டங் கற்றவர், வங்கியாளர், கிழக்கிந்திய வர்த்தக சங்கத்தின் பணிப்பாளருள் ஒருவராகவும் வரலாற்று நூல்களிற் குறிக்கப்படுபவர். பணத்தொழிலில் ஈடுபட்டிருந்தும் அவர் மனம் முழுவதும் தோட்டத்திலேயே தோய்ந்திருந்தது.

சோலையின் அமைப்பு

கிளிபர்ட்டின் தோட்டம் கண்ணுக்கு இனியதாகவும் கருத்துக்கு விருந்தாகவும் இருவகையில் அமைந்திருந்தது. மாளிகையைச் சூழ்ந்து மலர்ப்பாத்திகளும், இருமருங்கும் மரங்கள் நின்ற நெடும்பாதைகளும், சிற்பங்களும், மீன் குளங்களும், செயற்கை மேடுகளும், வழிதெரியாமல் மயங்கவைக்கும் வேலிச்சுழல்களும் இருந்தன. அக்காலத்து ஐரோப்பிய வழக்கப்படி யாவும் கோடும் கோணமுமாக வரையறுக்கப்பட்டவை. இவற்றோடு ஒரு விலங்குச்சாலையும் இருந்தது. புலிகளும் குரங்குகளும் இந்திய மான்களும் ஆபிரிக்கப் பன்றிகளும் அங்கே அடைக்கப்பட்டிருந்தன. பல தேசத்துப் பறவைகள் ஒலித்தன.

எனினும், வந்தோரை வியப்பில் ஆழ்த்தியவை நான்கு வெப்பக்கூடங்களே. முதலாவதில் ஸ்பானியா, இத்தாலி, கிரேக்கத் தீவுகள் முதலிய தென் ஐரோப்பிய நாடுகளின் செடிகள் வளர்க்கப்பட்டன. இரண்டாவதில் தென்னை முதலிய ஆசியத் தாவரங்கள் இடம்பெற்றன. மூன்றாவது ஆபிரிக்காவுக்கு உரியது. நன்னம்பிக்கை முனையிலிருந்து வந்த கற்றாழை இனங்களும் சதைப்பற்றுள்ள செடிகளும் அங்கே நிறைந்திருந்தன. நான்காவது அமெரிக்காவுக்கு உரியது. உலகின் நாற்றிசையும் ஒரு சில நூறு அடித் தொலைவிற்குள் அடங்கின. ஒருவர் காலையிற் கிரேக்கத்திலிருந்து புறப்பட்டு, நண்பகலுக்குள் ஆசியாவையும் ஆபிரிக்காவையும் கடந்து அமெரிக்காவை அடையலாம்!

இக்கூடங்கள் இயங்கிய முறையைச் சிறிது விளக்குதல் தகும். ஹார்ட்டகாம்ப் வட அகலக்கோடு 52 பாகையளவில் உள்ளது. மார்கழியில் அங்கு நண்பகற் சூரியன் அடிவானிலிருந்து ஏறத்தாழ 14 பாகை உயரமே எழும். யாழ்ப்பாணத்தில் அதே நாளில் அது 57 பாகையளவு உயர்ந்திருக்கும். ஆகவே, வெப்பநாட்டுச் செடிக்கு அங்கே இருவகைக் குறை உண்டு. ஒளிக்குறை ஒன்று, வெப்பக்குறை மற்றொன்று. ஒளிக்குறையை ஈடுசெய்யத் தெற்கு நோக்கிக் கண்ணாடி பதித்தனர். தாழ்ந்து வரும் கதிர் கண்ணாடியில் நேராகப் படும்படி அதனைச் சாய்வாக அமைத்தல் வழக்கம். வட புறத்திற் காற்றுப் புகாத தடித்த சுவர் எழுப்பினர். வெப்பக்குறையை நீக்கச் சுவரிலும் தரையிலும் புகைவழிகள் அமைத்து, சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய கரிமண்ணை அடுப்பில் எரித்தனர். அன்றியும், தோல் பதனிடுதற்குப் பயன்பட்டுக் கழிந்த கருவாலி மரப்பட்டைத் தூளைக் குழிகளில் நிரப்பி அதனுட் சாடிகளைப் புதைத்துவைக்கும் வழக்கமும் அக்கால ஒல்லாந்தில் இருந்தது. அத்தூள் மெல்லப் புளித்து மாதக்கணக்கில் இளஞ்சூட்டை அளிக்கும். வேருக்குச் சூடு கீழிருந்து கிடைத்தமையாற் செடி பனிக்காலத்திலும் உறங்காது வளர்ந்தது. இவ்வளவையும் இரவுபகலாகக் கண்காணித்த தோட்டக்காரரின் உழைப்பே அக்கூடங்களின் உயிர்நாடி. ஹார்ட்டகாம்பின் தலைமைத் தோட்டக்காரர் டீட்ரிக் நீட்சல் என்னும் ஜேர்மானியர்.

லின்னேயஸ் வருகை

1735ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் சுவீடன் நாட்டு இளைஞர் ஒருவர் ஒல்லாந்து வந்து சேர்ந்தார். அவர் பெயர் கார்ல் லின்னேயஸ்; வயது இருபத்தெட்டு. ஹார்டர்வைக் பல்கலைக்கழகத்தில் விட்டுவிட்டு வரும் காய்ச்சலைப் பற்றிய ஆராய்ச்சியுரை சமர்ப்பித்து வைத்தியப் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே 'இயற்கை ஒழுங்கு' என்னும் பொருள்படும் அவருடைய நூல் லைடன் நகரில் வெளியாயிற்று. பெரிய தாள்களில் அச்சிட்ட பன்னிரண்டு பக்கமளவான நூலே ஆயினும், உயிர்கள் அனைத்தையும் வரிசைப்படுத்தத் துணிந்த நூல் அது. கையிற் பொருளோ மிகக் குறைவு.

ஆம்ஸ்டர்டாமில் ஜோஹனஸ் பர்மன் என்னும் பேராசிரியர் அவரைத் தம் இல்லத்தில் வைத்துக்கொண்டார். பர்மன் அப்பொழுது எழுதிக்கொண்டிருந்தது 'இலங்கைக் கருவூலம்' என்னும் பொருளுடைய தாவர நூல். 1737ஆம் ஆண்டில் அது வெளிவந்தது. எனவே, கிளிபர்ட்டின் தோட்டத்தைக் காணுமுன்னரே லின்னேயஸ் இலங்கைச் செடிகளின் ஆராய்ச்சியில் உதவி புரிந்தவராவார்.

பர்மனும் லின்னேயசும் ஒருநாள் ஹார்ட்டகாம்ப் சென்றனர். தாம் முன் கண்டிராத இந்தியச் செடிகளையும் பூவின் உறுப்பைப் பார்த்த மாத்திரத்தே வகைப்படுத்திய இளைஞரின் ஆற்றல் கிளிபர்ட்டின் மனத்தைக் கவர்ந்தது. உடல்நலம் பற்றிய கவலை மிக்கவராகிய கிளிபர்ட்டுக்கு வைத்தியரும் தாவர அறிஞரும் ஒருவராகவே கிடைத்தனர். ஆனால், லின்னேயஸ் பனிக்காலம் முழுவதும் பர்மனுக்கு உதவுவதாக வாக்களித்திருந்தார். கிளிபர்ட்டின் நூல்நிலையத்தில் ஹான்ஸ் சுலோன் எழுதிய ஜமெய்க்காத் தீவின் இயற்கை வரலாற்று நூலைப் பர்மன் ஆவலோடு புரட்டினார். அந்நூலில் இரு பிரதிகள் தம்மிடம் உள்ளன என்றும், லின்னேயசைத் தம்மிடம் விட்டால் ஒரு பிரதியைத் தருவதாகவும் கிளிபர்ட் கூறினார். பர்மன் இசைந்தார். ஒரு நூலுக்கு ஓர் அறிஞர் என்ற இப்பண்டமாற்றினால் 1735ஆம் ஆண்டு புரட்டாதியில் லின்னேயஸ் ஹார்ட்டகாம்பிற் குடிபுகுந்தார். உணவும் உறைவிடமும் போக ஆண்டுக்கு 1000 புளோரின் ஊதியம்.

அதே நாட்களில் அவருக்குப் பெருந்துயர் ஒன்று நேர்ந்தது. அவருடைய உயிர்த்தோழரும் மீன்களை ஆராய்ந்த அறிஞருமாகிய பீட்டர் ஆர்ட்டெடி ஓரிரவு ஆம்ஸ்டர்டாமின் நீர்க்காலில் தவறி விழுந்து மாண்டார். அவர் தங்கியிருந்த வீட்டார் கடனுக்காகக் கையெழுத்துப் பிரதிகளைப் பிடித்துவைத்தபோது, கிளிபர்ட் பணங்கொடுத்து அவற்றை மீட்டார். லின்னேயஸ் அவற்றைப் பதிப்பித்து 1738ஆம் ஆண்டில் வெளியிட்டார். நண்பரின் நூல் நிலைபெற்றது.

வாழை பூத்த கதை

ஹார்ட்டகாம்பின் வெப்பக்கூடத்தில் வாழை ஒன்று நின்றது. நம் வீட்டுக் கிணற்றடியில் தானே வளர்ந்து குலைதள்ளும் வாழைதான் அது. ஆனால், ஒல்லாந்தில் எவரும் அதன் பூவைக் கண்டிலர். வாழையின் தாய்நாட்டில் வறட்சிக்குப்பின் பெருமழை பெய்யும் என்பதை லின்னேயஸ் சிந்தித்தார். வளமான மண்ணில் நட்டுச் சில வாரங்கள் நீரின்றி விடுமாறும், பின்னர் மாரிபோல நிறைய நீர் ஊற்றுமாறும் நீட்சலுக்குக் கூறினார். தட்பவெப்பத்தின் அளவை மட்டுமன்றி அதன் முறைவைப்பையும் பின்பற்றியமையே இம்முறையின் நுட்பம். 1736ஆம் ஆண்டு தை மாதத்தில் வாழை பூத்தது. பின்னர்க் காயும் காய்த்தது. காண்பதற்கு மக்கள் வந்து குவிந்தனர். லைடன் நகரின் பெருவைத்தியராகிய போர்ஹாவேயும் அவர்களுள் ஒருவர். லின்னேயஸ் உடனே 'கிளிபர்ட்டின் வாழை' என்னும் பொருளுள்ள தனி நூலையே எழுதி வெளியிட்டார்.

இங்கே ஒரு சிறப்பை மாணவர் கவனித்தல் வேண்டும். உலர்ந்த செடியை வைத்து ஆராய்வோர் வாழையின் பூவை முழுமையாக அறிதல் அரிது. உயிருள்ள பூவின் உறுப்புகளை நாள்தோறும் எண்ணிப் பார்த்தமையாலேயே அதனைத் தம் முறையில் உரிய இடத்தில் வைக்க லின்னேயசால் முடிந்தது. அவர் முறை பூவின் மகரந்தக் கேசரங்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் அடிப்படையாகக் கொண்டு தாவரங்களை 24 வகுப்புகளாகப் பிரித்தது. எனவே, அவருக்கு வேண்டியது மலர்ந்த செடி. அதனைக் கொடுத்தது கிளிபர்ட்டின் நெருப்பும் கண்ணாடியும்.

'கிளிபர்ட்டின் தோட்டம்' என்னும் நூல்

ஹார்ட்டகாம்பில் இருந்த இரண்டாண்டுக் காலத்தில் லின்னேயஸ் ஆற்றிய உழைப்பு வியக்கத்தக்கது. தாவரவியலின் அடிப்படை விதிகள், தாவர நூல்களின் அட்டவணை, தாவரச் சாதிகளின் விளக்கம், லாப்லாந்து நாட்டுத் தாவரங்கள், பெயரிடும் முறை பற்றிய ஆய்வு முதலாகப் பல நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அச்சேறின. 1736ஆம் ஆண்டிற் கிளிபர்ட் அவரைத் தம் செலவில் இங்கிலாந்துக்கு அனுப்பினார். செல்சித் தோட்டத்தின் பிலிப் மில்லரிடமிருந்தும் பிறரிடமிருந்தும் செடிகளைப் பெற்றுக்கொண்டு அவர் திரும்பினார்.

இவ்வுழைப்பின் மணிமுடியாக அமைந்தது 'ஹோர்ட்டஸ் கிளிபோர்ட்டியானஸ்', அதாவது 'கிளிபர்ட்டின் தோட்டம்' என்னும் பெருநூல். ஏறத்தாழ ஐந்நூறு பக்கங் கொண்ட அதனை ஒன்பது மாதத்தில் அவர் எழுதி முடித்தார். முகப்பில் 1737ஆம் ஆண்டு குறிக்கப்பட்டிருப்பினும் 1738ஆம் ஆண்டிலேயே அது வழங்கப்பட்டது. அது விற்பனைக்கு வரவில்லை. கிளிபர்ட் தாம் விரும்பியோருக்கு அன்பளிப்பாக அளித்தார். ஜோர்ஜ் டயனிசியஸ் ஏரெட் என்னும் ஜேர்மானிய ஓவியர் இதற்குச் செடிகளை வரைந்தார். ஜான் வாண்டெலார் அவற்றைச் செம்பிற் செதுக்கினார். கேசரங்களும் சூலகமும் தனித்தனியே பிரித்துக் காட்டப்பட்டமை இவ்வோவியங்களின் புதுமை.

வாண்டெலார் செதுக்கிய முகப்புப்படம் அக்கால ஐரோப்பியரின் உள்ளத்தைத் தெளிவாகக் காட்டும். நடுவே பூமித்தாய் வீற்றிருக்கிறாள். ஆசியா, ஆபிரிக்கா, அமெரிக்கா ஆகிய கண்டங்கள் பெண்ணுருத் தாங்கித் தத்தம் செடிகளைக் காணிக்கையாக ஏந்தி நிற்கின்றன. அறியாமை இருளை நீக்கும் ஒளிக்கடவுளாகிய அப்பல்லோவுக்கு இளம் லின்னேயசின் முகச்சாயல் தரப்பட்டுள்ளது. பின்னே வாழை நிற்கிறது; கீழே வெப்பமானியும் காணப்படுகிறது. காணிக்கை என்பது விரும்பிக் கொடுப்பது. அக்கண்டங்கள் விரும்பிக் கொடுத்தனவா என்ற வினாவை அம்முகப்புப்படம் எழுப்பவில்லை. நாம் எழுப்புதல் வேண்டும்.

இலங்கைத் தொடர்பு

தோட்டத்தில் வளர்ந்த செடிகளோடு கிளிபர்ட் உலர்ந்த செடித்தொகுதி ஒன்றையும் சேர்த்து வைத்திருந்தார். மூவாயிரத்துக்கு மேற்பட்ட தாள்கள் கொண்ட அத்தொகுதியிற் செடியின் காம்பு ஒவ்வொன்றும் அச்சிட்ட அழகிய பூச்சாடியிலிருந்து எழுவதுபோல் ஒட்டப்பட்டிருந்தது. 1791ஆம் ஆண்டில் இத்தொகுதியை இங்கிலாந்தின் சேர் ஜோசப் பாங்ஸ் வாங்கினார்.

இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது மற்றொரு தொகுதி. பவுல் ஹேர்மன் என்னும் வைத்தியர் 1672ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் வர்த்தக சங்கத்தின் பணியில் இலங்கையில் இருந்தார். கொழும்பைச் சூழ்ந்த பகுதிகளிற் செடிகளைத் திரட்டி, அவற்றின் சிங்களப் பெயர்களையும் குறித்துக்கொண்டார். பின்னர் லைடன் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராகி 1695ஆம் ஆண்டில் மறைந்தார். உலர்ந்த செடிகளும் வரைபடங்களும் அடங்கிய அவருடைய ஐந்து தொகுதிகள் பல கைமாறி, டென்மார்க்கின் அரச மருந்தாளரிடம் 1744ஆம் ஆண்டில் வெளிப்பட்டன. அவர் அவற்றை லின்னேயசுக்கு அனுப்பினார். லின்னேயஸ் அறுநூறுக்கு மேற்பட்ட செடிகளை ஆராய்ந்து, 1747ஆம் ஆண்டில் 'புளோரா செயிலானிக்கா', அதாவது இலங்கைத் தாவர நூலை வெளியிட்டார். ஹார்ட்டகாம்பின் வெப்பக்கூடங்களிற் கீழைநாட்டுச் செடிகளை உயிரோடு பார்த்துப் பெற்ற பயிற்சி அங்கே கைகொடுத்தது. ஹேர்மனின் தொகுதியையும் 1793ஆம் ஆண்டிற் பாங்ஸ் வாங்கினார். ஒல்லாந்தச் செல்வரின் தோட்டத்துச் செடிகளும் இலங்கைக் காட்டுச் செடிகளும் இன்று இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் ஒரே கூரையின்கீழ் உறைகின்றன.

1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் ஒவ்வொரு செடிக்கும் இருசொற் பெயர் வழங்கிய பெருநூலை வெளியிட்டார். இன்றைய தாவரப் பெயர்கட்கெல்லாம் அதுவே தொடக்கம். அந்நூலிற் கிளிபர்ட்டின் தோட்ட நூலும் இலங்கைத் தாவர நூலும் மீண்டும் மீண்டும் சுட்டப்படுகின்றன. ஆகவே, ஒரு பெயர் எந்தச் செடியைக் குறிக்கும் என்னும் ஐயம் எழும்போது அறிஞர் இத்தொகுதிகளின் பழந்தாள்களையே இன்றும் சான்றாக நோக்குகின்றனர்.

பெயரும் பெயரிழப்பும்

ஹார்ட்டகாம்பில் இருந்தபோது எழுதி 1737ஆம் ஆண்டில் வெளியிட்ட பெயராய்வு நூலில் லின்னேயஸ் கண்டிப்பான விதி ஒன்றை வகுத்தார். கிரேக்கத்திலோ இலத்தீனிலோ வேரில்லாத சாதிப்பெயர்கள் தள்ளத்தக்கன என்பதே அது. ஏனைய மொழிகளின் பெயர்கள் அவருக்கு அநாகரிகச் சொற்கள். வாழைக்கு வழங்கிய 'மூசா' என்னும் பெயர் 'மௌஸ்' என்னும் அரபுச் சொல்லோடு தொடர்புடையது. உரோமச் சக்கரவர்த்தி ஒகஸ்தசின் வைத்தியர் அந்தோனியஸ் மூசாவின் பெயராக அதனைக் கொண்டு அவர் அமைதி கண்டார். தம்மை ஆதரித்த செல்வருக்கு நன்றிக்கடனாகத் தென்னாபிரிக்கச் செடிச் சாதி ஒன்றுக்குக் 'கிளிபோர்ட்டியா' எனப் பெயரிட்டார். செடி விளைந்த நாட்டார் அதனை எவ்வாறு அழைத்தனர் என்பது அப்பெயரில் இல்லை. வங்கியாளர் பெயர் உண்டு.

ஆயினும், விதியை மீறிச் சில நாட்டுச் சொற்கள் நுழைந்துவிட்டன. தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் மாங்காய் என்னும் சொல் 'மஞ்சிபேரா' என்பதனுள் ஒளிந்து நிற்கிறது. முருங்கையின் அறிவியற் பெயரில் முருங்கை இருக்கிறது. தாமரைக்கு வழங்கும் 'நெலும்போ' என்பது சிங்களச் சொல்லிலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்தின் கற்பகதருவாகிய பனையோ தன் பெயரை இழந்து, 'விசிறி தாங்குவது' என்னும் பொருளுள்ள இலத்தீன் அடைமொழியோடு உலகில் உலவுகிறது. கொடிவேலியின் பெயரில் 'செயிலானிக்கா' என்னும் சொல் உண்டு. செடி பிறந்த நாட்டை அது குறிக்கும், அந்நாட்டு மக்களின் சொல்லைக் குறிக்காது.

இவ்விதி தீமையே என்று கூறுதல் நேர்மையாகாது. ஒரே செடிக்கு நூறு மொழியில் நூறு பெயர் வழங்கினால் உலக அறிஞர் உரையாட இயலாது. பொதுப்பெயர் வேண்டும் என்பது உண்மை. ஆனால், நாட்டுப்பெயர் வெறும் ஒலியன்று. அது செடியின் குணத்தையும் பயனையும் பல தலைமுறை அனுபவத்தையும் சுமந்து நிற்பது. ஹேர்மன் சிங்களப் பெயர்களை எழுதிவைத்தார். மலையாளத்தில் வர்த்தக சங்கத் தளபதியாயிருந்த வான் ரீட் 1678 முதல் 1693 வரை வெளியான தம் பன்னிரு பாக நூலில் நாட்டு வைத்தியரின் உதவியோடு செடிப்பெயர்களை மலையாள எழுத்திலேயே பொறித்தார். அவர்கள் பதித்ததை லின்னேயசின் விதி பின்தள்ளியது. பொதுப்பெயரும் நாட்டுப்பெயரும் அருகருகே நிற்றற்கு இடம் இருந்தது, அவ்விடம் மறுக்கப்பட்டது.

சோலைக்கு விலை கொடுத்தோர்

கிளிபர்ட் ஆண்டொன்றுக்கு அளித்த 1000 புளோரின் அவர் பொருளில் ஒரு துளியே. அவருடைய வங்கி இயங்கிய நகரைச் செல்வநகராக்கியதில் கீழைத்தேய வாணிகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அவ்வாணிகத்தில் இலங்கைக் கறுவா தலையாய சரக்கு. கறுவாப் பட்டை உரித்தல் சலாகம மக்களின் கட்டாய ஊழியமாக இருந்தது. ஊழியத்தின் கொடுமை தாங்காது பலர் கண்டி இராச்சியத்துக்கு ஓடினர். கறுவா மரத்தை அழித்தலும் பட்டையைக் களவாக விற்றலும் மரணதண்டனை வரை செல்லத்தக்க குற்றங்களாயின. கிளிபர்ட் மறைந்த 1760ஆம் ஆண்டிலேயே, விலை குறையாதிருத்தற்பொருட்டு ஆம்ஸ்டர்டாமிற் கறுவா குவியலாக எரிக்கப்பட்டதைத் தாம் கண்டதாகப் பிரெஞ்சு இயற்கை நூலாசிரியர் ஒருவர் எழுதியுள்ளார். உரித்தவன் முதுகு வளைந்தது. உரித்த பட்டை சாம்பலாயிற்று.

செடிகளைத் தேடிச் சென்றோரும் துன்புற்றனர். லின்னேயசைச் சூரினாமுக்கு அனுப்பப் போர்ஹாவே விரும்பினார். வெப்பத்தைத் தம் உடல் தாங்காதென அவர் மறுத்து, பார்ட்ஷ் என்னும் நண்பரை அனுப்புமாறு பரிந்துரைத்தார். அவ்விளைஞர் அங்கே நோயுற்று விரைவில் மாண்டார்.

தோட்டத்தின் முடிவு

லின்னேயஸ் 1737ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஹார்ட்டகாம்பை விட்டு நீங்கினார். மறுவருடம் நோயுற்றபோது கிளிபர்ட்டின் இல்லத்திலேயே தங்கிக் குணமடைந்து, பாரிஸ் வழியாகத் தாய்நாடு திரும்பினார். கிளிபர்ட்டுக்குப்பின் குடும்பத்தின் நிலை தளர்ந்தது. 1772ஆம் ஆண்டில் இலண்டனில் தொடங்கிய பணநெருக்கடி ஒல்லாந்தையும் தாக்கிற்று. அவ்வாண்டின் இறுதியிற் கிளிபர்ட் வங்கி முறிந்தது. வெப்பக்கூடத்திற்கு நெருப்பிட ஆளில்லையேல் ஒரே பனிக்காலத்தில் நாற்கண்டமும் மடிந்துவிடும். அரிய செடித்தொகுதி கலைந்தது. மாளிகை பல கைமாறியது. கோணமும் கோடுமாக இருந்த சோலை பிற்காலச் சுவைக்கேற்ப இயல்பான நிலத்தோற்றமாக மாற்றப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரு செல்வக் குடும்பத்தின் கலைக்கூடமாகவும், பின்னர் அறிவு வளர்ச்சி குன்றியோரைப் பராமரிக்கும் நிலையமாகவும் அது பயன்பட்டது.

கண்ணாடியும் நெருப்பும் புலியும் மயிலும் போயின. எஞ்சியவை தாளில் ஒட்டிய செடிகளும் நூலும் பெயர்களுமே. செல்வர் ஒருவரின் தோட்டம் அவரோடு அழிவது உலக இயல்பு. இத்தோட்டம் முற்றாக அழியாமற் போனதற்குக் காரணம், அங்கே நின்ற ஒவ்வொரு செடியையும் ஒருவர் உற்றுநோக்கி, எண்ணி, எழுதிவைத்தமையே. அதனைச் செய்தற்குப் புலிக்கூண்டும் பளிங்குச் சிற்பமும் வேண்டா. கண்ணும் பொறுமையும் எழுதுகோலும் போதும்.

நம் நாட்டில் ஒவ்வொரு ஊரின் வேலியிலும் குளக்கட்டிலும் வயல்வரம்பிலும் வளரும் மூலிகைகட்கு நம் பாட்டிமார் அறிந்த பெயர்கள் பல. அவற்றுட் பல அகராதி ஏறவில்லை. பெயரைச் சொல்லத் தெரிந்தவர் மறையும்போது பெயரும் உடன் மறைகிறது. கொழும்பிற் கறுவாத் தோட்டம் என்னும் பகுதியிற் கறுவா இல்லை, பெயர் மட்டும் உண்டு. நம் ஊர்ப் புலங்களிலோ செடி உண்டு, பெயர் இல்லை என்ற நிலை வந்துவிடக்கூடாது. தாவரவியல் கற்கும் மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊர்ச் செடிகளை அறிவியற் பெயரோடும் ஊர்ப்பெயரோடும் ஒருங்கே குறித்துவைப்பாராயின், லின்னேயஸ் காட்டிய வழியையும் பின்பற்றியவராவர். அவர் விட்ட குறையையும் நிரப்பியவராவர்.